பச்சைப் பெயிண்ட் அடித்த வைக்கோல் மெஷின்

என் வீட்டுக்காரருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. பிறவியிலேயே வராது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அத்தை நாலாவது தடவையாக வைத்த கேசரியையும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குத் திரும்புகிற வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்த மனிதர். அது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பேன்.

எங்கள் கொல்லையை வந்து பார்த்தால் உங்களுக்கே புரியும். புல் நறுக்குகிற மெஷின் ஒன்று நிற்கிறது, மோட்டார் கிடையாது. விற்றவர் மோட்டாரை அடுத்த வாரம் தருகிறேன் என்றார். நாலு வருஷமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை. முதுகில் மாட்டி மருந்தடிக்கிற மெஷின் இரண்டு, இரண்டுமே அடிக்கிறவர் முதுகுக்குத்தான் மருந்தடிக்கும். கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்று, அதில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறேன். எல்லாமே யாரோ ஒருவர் "அண்ணே, உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லி வந்து சேர்ந்தவை. கேட்டால் "பாவம், மூஞ்சிய முறிச்சுக்க முடியல" என்பார். தாட்சண்யமாம். அவர் தாட்சண்யத்துக்கு ஒரு கொட்டகை போட வேண்டியிருந்தது எங்களுக்கு.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். விழிதியூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நிலத்தையும் மாட்டையும் அவர் பார்க்கிறார், ஊசியையும் பிரஷரையும் நான் பார்க்கிறேன். ஊரில் எல்லோரும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் மரியாதை, மீதி என் வாய்க்குப் பயம்.

வைக்கோல் கட்டுகிற மெஷின் வாங்கியே தீருவது என்று நான் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம் எங்கள் செவலைப் பசு. இப்போதெல்லாம் அறுப்பு மெஷின் நெல்லைப் பிடித்துக்கொண்டு வைக்கோலை வயல் முழுக்க இறைத்துவிட்டுப் போய்விடுகிறது. அதைப் பொறுக்கி, உருட்டி, நூல் சுற்றிக் கட்டாக்க டிராக்டருக்குப் பின்னால் இழுக்கிற இன்னொரு மெஷின் வர வேண்டும். போன தையில் ஏஜெண்ட் ஒருவர் மூலம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். எனக்கு அன்றைக்கு டூட்டி. மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசலில் உருளை உருளையாகக் கட்டுகள், எல்லாவற்றிலும் நீல நைலான் நூல். அன்றைக்குப் பார்த்துப் பசுவைக் கட்டுகிற சங்கிலியும் காணாமல் போயிருந்தது. எங்கோ கழன்று விழுந்துவிட்டது என்று சொல்லி அவர் ஒரு பழைய கயிற்றில் கட்டியிருந்தார். விடிவதற்குள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், கட்டுகளில் வாயை வைத்து, வைக்கோலோடு நூலையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

மூன்று நாள் வயிறு ஊதி நின்றது. மாட்டு டாக்டர் வந்து, வயிற்றுக்குள் நூல் பந்தாகச் சுருண்டு அடைத்திருக்கும் என்றார். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. என் கையாலேயே குளுக்கோஸ் ஏற்றியும் அது என் மடியில் தலையைப் போட்டுச் செத்தது. நான் ஊர் கேட்க அழுதேன். அதற்குப் பிறகு அத்தனை கட்டுகளிலும் இருந்த நீல நூலை நானே உட்கார்ந்து கத்தரித்துக் கொளுத்தினேன். சங்கிலியைத் திருடியிருப்பார் என்று தெருவில் வந்த பழைய இரும்புக்காரரையும் நாலு பேர் முன்னால் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் இன்றைக்கும் எங்கள் தெருவுக்குள் மணி அடிக்காமல்தான் போகிறார்.

அந்தப் பசுவின் கிடேரி இந்த வருஷம் முதல் சினை. அதனால்தான் சொன்னேன், இந்தத் தை அறுப்புக்கு நம் சொந்த மெஷின், நம் சொந்தச் சணல், இல்லையென்றால் நான் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. எங்கே போவேன் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

புதிது வாங்குகிற வசதி இல்லை. கருக்களாச்சேரிக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் பழைய மெஷின் ஒன்று விலைக்கு இருப்பதாக மார்கழியில் சேதி வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரம் செல்போனில் வீடியோவாகப் பார்த்து, என்னென்ன சோதிக்க வேண்டும் என்று ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். மார்கழியில் வயலில் நெல் பச்சையாக நிற்கிறது, வைக்கோலுக்கு எங்கே போவது? எங்கள் போரிலிருந்தே உதிரி வைக்கோலை அள்ளிக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். ஒரு உருண்டைச் சணலும் எடுத்துக்கொண்டேன். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில், அவர் பின்னால் வைக்கோல் மேல். வண்டியின் பின்கதவு கொக்கி தேய்ந்து வழியெல்லாம் தடதடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

புறப்படுகிற முன்பே அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"ஏங்க, அந்த வூட்ல பச்சத் தண்ணி குடிக்கக் கூடாது. காப்பி குடுத்தா வேண்டாம்னு சொல்லணும்."

"சரி."

"எதப் பாத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது."

"சரி."

"எல்லாத்துக்கும் சரிங்காதீங்க."

"சரி" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்காரரிடம் கறாராகப் பேச வாய் வராது. மாடு வாங்கப் போகிற தரகர்கள்கூட பேரம் முடிகிற வரைக்கும் வெற்றிலையைத் தொட மாட்டார்கள். அதனால் நான் வீட்டிலிருந்தே இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன்.

விற்கிறவர் வாசலிலேயே நின்றார். வாயைத் திறந்தால் கல்கண்டு. "வாங்க வாங்க" என்றவர், எந்த ஊர், யார் வீடு, பெண் எடுத்தது எங்கே என்று விசாரித்து, ஐந்தே நிமிஷத்தில் என் வீட்டுக்காரரை மச்சான் முறையாக்கிவிட்டார். மச்சானாகிவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்க முடியுமா? இவர் முகத்தைப் பார்த்தேன், அதற்குள்ளேயே பாதி உருகியிருந்தது. நான் பாட்டிலை எடுத்துச் சத்தமாகத் தண்ணீர் குடித்தேன். சொம்பில் தண்ணீரோடு நின்ற அந்த வீட்டம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே ஒருமாதிரி இருந்தது, ஆனாலும் விடவில்லை.

மெஷின் களத்தில் நின்றது. மேலிருந்து கீழ்வரை பச்சைப் பெயிண்ட், பளபளவென்று. சக்கரத்துக்குக்கூட ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

"எங்க சொந்த வயலுக்கு மட்டுந்தான் சிஸ்டர். ஊர் எல்லையத் தாண்டுனது கெடையாது. புள்ள மாதிரி வச்சிருந்தேன்" என்றார் அவர்.

"புள்ளைக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர். உப்புக் காற்றில் இரும்பு சும்மா இருக்குமா? தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி நாலு இடத்தில் பெயிண்டைச் சுரண்டினேன். துரு இருந்தது, ஆனால் மேலோடுதான், இரும்பு உளுத்துப்போகவில்லை. முன்னால் வைக்கோலை வாரி உள்ளே தள்ளுகிற கம்பி விரல்களை எண்ணினேன். மூன்று இல்லை, இரண்டு வளைந்திருந்தன. உள்ளே உருட்டுகிற உருளைகளைக் கையால் சுற்றச் சொன்னேன். நான் ஒவ்வொன்றாகச் சீட்டில் குறிக்கக் குறிக்க விற்கிறவருக்கு வியர்த்தது.

என் வீட்டுக்காரர் எங்கே என்று பார்த்தால், மெஷினுக்குப் பின்பக்கம், கட்டு வெளியே விழுகிற பின்கதவின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பிள்ளையார் மாதிரி நிற்கிறார்.

"இஞ்ச வந்து இந்தப் பல்லுச் சக்கரத்தப் பாருங்களேன்."

"நீ பாரு. நான் இஞ்சேருந்தே பாக்குறேன்."

"அங்கேருந்து என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியுது" என்றார். சரி, மச்சான் முறைக்காரருக்கு எதிரில் என்னோடு நின்று குற்றம் சொல்லக் கூச்சம் போல என்று விட்டுவிட்டேன்.

அடுத்து நூல் பெட்டி. மூடியைத் திறந்தேன். உள்ளே நீல நைலான். என் உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது.

"இதையா போடுறீங்க?"

"எல்லாரும் இதாங்க போடுறாங்க. சல்லிசு. அறுந்தும் போகாது."

"அறுந்து போகாதுங்க. மாட்டு வயித்துக்குள்ள போனாலும் அறுந்து போகாது. எங்க செவலையக் கொன்னதே இந்த நூலுதான்" என்று ஆரம்பித்து, பசு செத்த கதையை முழுசாகச் சொன்னேன். கயிறு அறுந்ததிலிருந்து மடியில் தலை போட்டது வரைக்கும் சொன்னேன். விற்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் அவரைவிட அதிகமாகக் குனிந்துகொண்டார்.

டிராக்டரைப் பூட்டி, மெஷினை முதலில் வெறுமனே சுற்றவிட்டார்கள். பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் கூட்டில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்க வேண்டும் என்று வீடியோவில் காட்டியிருந்தார்கள். எனக்கு எதற்கு ஸ்க்ரூடிரைவர்? கைப்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டி, ஓரமாக நின்று, பேரிங் கூட்டின் மேல் வைத்தேன். வலது பக்கம் சீரான ஓசை. இடது பக்கம் கரகரவென்று, நாள்பட்ட சளி மாதிரி. "இதப் போயி புள்ள மாதிரி வச்சிருந்தேன்னு சொன்னீங்களே. இந்தப் பேரிங் பொங்கல் தாண்டாது" என்றேன்.

இதற்குள் தெருவே கூடிவிட்டது. "மெஷினுக்கு பிரஷரா சிஸ்டர்?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன்.

நாங்கள் கொண்டுபோன வைக்கோலைக் களத்தில் நீளவாக்கில் பரப்பி, பெட்டியில் என் சணலைக் கோத்து மெஷினை ஓட்டினோம். வைக்கோலை வாரி விழுங்கிற்று. கொஞ்ச நேரம் உள்ளே உருட்டிற்று. பின்கதவைத் திறக்க விற்கிறவர் போனார். "நீங்க இருங்க, நானே தொறக்குறேன்" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார். கோழி முட்டை போட்ட மாதிரி ஒரு கட்டு பொத்தென்று விழுந்தது. அழகான கட்டு, சணல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டு தடவையும் அவரே திறந்து அவரே மூடினார். பரவாயில்லையே, மனிதருக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இந்த லட்சணத்தில் நான் மனிதர்களின் நாடி பிடிக்கிறேன் என்று ஊரில் பேர்.

டிராக்டர் நின்றதும் அந்த வீட்டம்மா என் கையைத் தொட்டார். "சிஸ்டர், குழா எடுத்ததுதான் எடுத்தீங்க, அப்புடியே எனக்கும் ஒரு தடவ பாத்துடுங்களேன். ரெண்டு நாளா தலைய சுத்துது."

மெஷினைப் பார்த்த குழாயால் மனுஷியைப் பார்க்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கைப்பையிலிருந்த பிரஷர் கருவியையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனேன். பிரஷரைப் பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. மாத்திரை என்னாயிற்று என்றேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நாலு மாதமாக விட்டுவிட்டாராம். நான் பிடித்த பிடியில் வீடே அதிர்ந்தது. அதற்குள் பின்னால் ஒரு வரிசை நின்றுவிட்டது. கால் வீக்கம், சுகர், ஊசி போட்ட இடத்தில் கட்டி. ஒவ்வொருவரையும் பார்த்து, ஒவ்வொருவரையும் திட்டி, நடுவில் யாரோ கையில் கொடுத்ததை வாங்கிக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் கவனித்தேன். காப்பி. அடிவரைக்கும் குடித்திருந்தேன்.

அந்தம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சக்கர பத்துச்சுங்களா?" என்று கேட்டார். தண்ணீர்ச் சொம்போடு நின்ற அந்த முகம் எனக்கு ஞாபகம் வந்தது. "நல்லாருந்துச்சு" என்றேன். போட்ட இரண்டு சட்டமும் ஒரே வாயில் போயிற்று.

வெளியே வந்தபோது என் மனசு பஞ்சாகியிருந்தது. பேரிங் ஒன்றுதானே, மாற்றிக்கொண்டால் போகிறது. பாவம், நல்ல சனங்கள். "சரி, முடிச்சுடுவோம். என்னங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். எப்போதும் வருகிற 'சரி'க்காகக் காத்திருந்தேன்.

"வேண்டாம்" என்றார்.

எனக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. "என்னது?"

"இந்த மெஷின் வேண்டாம். வேற பாப்போம்."

முப்பது வருஷத்தில் முதல் வேண்டாம். அதுவும் நான் சரி சொன்ன அன்றைக்கு. "ஏன் வேண்டாம்? கட்டு நல்லாத்தான விழுந்துச்சு? அறுப்புக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு? கெடேரிக்கு வைக்கோல எதுல கட்டுவீங்க?" நான் கேட்கக் கேட்க அவர் பின்கதவை விட்டு நகராமல், அதே கையை அதே இடத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, வந்ததிலிருந்து இவர் இந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. "கைய எடுங்க" என்றேன். எடுக்கவில்லை. நானே பிடித்து விலக்கினேன்.

கதவைப் பிணைத்து ஒரு சங்கிலி. மெஷினோடு சேர்த்து அதற்கும் பச்சைப் பெயிண்ட். ஒரு வளையத்தில் மட்டும் புடைப்பாக ஏதோ சுற்றியிருந்தது. பிளாஸ்டர். நுனி உள்பக்கம் மடிந்திருந்தது. நான் பிளாஸ்டர் ஒட்டினால் அப்படித்தான் நுனியை மடித்து விடுவேன், உரிக்கும்போது வலிக்காமல் வரும் என்பதற்காக. அந்த வளையம் பிளந்து செவலையின் கழுத்தை அறுக்கிறதென்று நான்தான் சுற்றிவிட்டிருந்தேன்.

விற்கிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுங்களா? போன தையில விழிதியூர்ப் பக்கம் வாடகைக்குப் போனப்ப கதவு கொக்கி ஒடஞ்சு போச்சுங்க. வயல்காரரு ஒரு மவராசன், மாட்டுக் கழுத்துல கெடந்தத அவுத்துக் குடுத்தாருன்னு டிரைவர் சொன்னாரு. அதுலேருந்து கதவு கிண்ணுன்னு நிக்குது" என்றார். ஊர் எல்லையைத் தாண்டாத மெஷின் என்று சொன்னதை அவரே மறந்துபோனார்.

நான் அந்த மகராசனைப் பார்த்தேன். ஊசிக்குக் கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். அதே மாதிரி நின்றார். ஒரு வருஷமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, நான் நூலைத் திட்டும்போதும், இரும்புக்காரரைத் திட்டும்போதும், ராத்திரி நினைத்துக்கொண்டு அழும்போதும் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

"டிரைவரு கெஞ்சுனாரு. மழ வேற வர்ற மாதிரி இருந்துச்சு. ஒரு நாளைக்குத்தானேன்னு..." என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வாயில் இன்னும் காப்பியின் இனிப்பு இருந்தது. மூடிக்கொண்டேன்.

பிறகு விற்கிறவரிடம் திரும்பினேன். "மெஷின நாங்க எடுத்துக்குறோம். எடது பக்க பேரிங்க மாத்துங்க, இல்லாத விரலப் போடுங்க, பொங்கலுக்கு முன்னாடி கொண்டாந்து விடுங்க. நீல நூலு ஒரு முழம் உள்ள இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன். உங்க வூட்ல தெனம் மாத்திர சாப்புடணும், அதுவும் இந்தப் பேச்சுல சேத்தி. அப்புறம் கதவுக்கு வேற கொக்கி போட்டுக்குங்க. இந்தச் சங்கிலி எங்களுது."

என் வீட்டுக்காரர் தானே அதை அவிழ்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. நான் உதவவில்லை.

திரும்புகிறபோது நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். இரண்டு கட்டுகளுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்தோம். சங்கிலி என் மடியில் இருந்தது. மடித்த நுனியைப் பிடித்து இழுத்தேன், பிளாஸ்டர் பெயிண்டோடு லேசாக உரிந்து வந்தது. அடியில் நாலைந்து செவலை மயிர் ஒட்டியிருந்தது. இருவரும் பார்த்தோம்.

அவர் என் பக்கம் திரும்பி, "காப்பி குடிச்சியாமே?" என்றார்.

"ஆமா."

"நல்லாருந்துச்சா?"

"சக்கர தூக்கல்" என்றேன். அழுதுகொண்டே சிரிப்பு வந்தது எனக்கு. "இரும்புக்காரருகிட்ட நீங்கதான் போயி சொல்லணும். நான் வர மாட்டேன்."

"சரி" என்றார். பிறகு, "நீயும் வா" என்றார்.

வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது வண்டியின் பின்கதவு தடாலென்று திறந்துகொண்டது. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். எங்கள் இருவரையும்விட நல்ல மனிதர், பல வருஷப் பழக்கம். "அண்ணே, சிஸ்டர் மடியில சங்கிலி இருக்குல்ல, அதக் கொஞ்சம் குடுங்க. கதவுல மாட்டிக்கிறேன். வூடு போனதும் தந்துடுறேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அந்த 'சரி' கிளம்புவதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

"இல்ல தம்பி" என்றார். "இது தர முடியாது."

வீடு வருகிற வரைக்கும் அந்தக் கதவைத் தன் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.